பதினாறு பற்களும் இரண்டு நாரைகளும்

படகுப் பட்டறையில் அவளுக்கு அரம் என்று பெயர். இரும்பை ராவித் தள்ளுகிற அரம்தான். நாக்கைப் பார்த்து வைத்த பெயர். முகத்துக்கு நேரேயே "அரம் அக்கா" என்று கூப்பிடுவார்கள். அவளும் பட்டம் வாங்கியவள் மாதிரி நிமிர்ந்து பார்ப்பாள். வயது ஐம்பத்தெட்டு. ஒல்லியான உடம்பு. ஓர் இடத்தில் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிஷம் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. வேலையும் நின்றபடிதான். மத்தியானச் சாப்பாட்டைக்கூடக் கிண்ணத்தோடு கையில் ஏந்தி, பட்டறையைச் சுற்றி நடந்துகொண்டே சாப்பிடுவாள். போகிற போக்கில் நாலு பேர் வேலையில் நாலு குற்றம் கண்டுபிடித்த பிறகுதான் கை கழுவுவாள்.

அவள் வேலை மரத்தில் மரம் பதிப்பது. காகிதக் கனத்துக்குச் சீவிய மரத்தகட்டை, நூல் மாதிரி இருக்கிற ரம்பத்தால் இலையாகவும் பூவாகவும் பறவையாகவும் அறுத்து, இன்னொரு மரத்தின் முகத்தில் அதே அளவுக்குப் பள்ளம் பறித்து உட்கார வைக்க வேண்டும். விரலால் தடவினால் எது எங்கே முடிகிறது என்று தெரியக்கூடாது. அவள் பதித்ததில் தெரியாது. அந்த விஷயத்தில் அவளைப் பிடிக்காதவர்களும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

முப்பத்தைந்து வருஷத்தில் பதினொரு பட்டறை மாறியிருக்கிறாள். ஓரிடத்தில் முதலாளி வேலை சரியில்லை என்றார், கிளம்பிவிட்டாள். இன்னோரிடத்தில் முதலாளி பிரமாதம் என்றார், "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள். ஒரு பட்டறையில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதில் சண்டை. போகும்போது ஆயுதங்களைத் துணியில் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வாள், கேட்டைத் தாண்டினால் திரும்பிப் பார்க்க மாட்டாள். பாதியில் கிடக்கிற வேலையை வேறு யாராவது முடிப்பார்கள். அவள் கை பட்ட மேஜைகளும் அலமாரிகளும் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. அதில் ஒன்றைக்கூட முழுதாக முடித்துத் துடைத்து நிறுத்திய கோலத்தில் அவள் பார்த்ததில்லை.

இந்தப் படகுப் பட்டறை பன்னிரண்டாவது. இங்கே அவளைச் சேர்த்துவிட்டவர் அவள் வீட்டுக்காரர். படகுக்குப் பாய் தைக்கிறவர். யார் எது சொன்னாலும் "சரி" என்று சொல்லிவிட்டு ஊசியைக் குத்துகிற மனிதர். அதனால் பட்டறையில் அவருக்குச் சரி அண்ணன் என்று பெயர். அரத்தோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்த வேறு எந்த வார்த்தையும் உதவாது என்று பட்டறை மேஸ்திரி சொல்லுவார்.

பட்டறையில் அப்போது நின்ற படகுக்குத் தொண்ணூறு வயது. இரட்டைப் பாய்மரம், வளைந்த வயிறு. ஒரு காலத்தில் பணக்காரர்கள் உலா போனது. பிறகு கழிமுகத்துச் சேற்றில் இருபது வருஷம் சாய்ந்து கிடந்தது. ஒரு பல் டாக்டர் அதைப் பார்த்து மனதைப் பறிகொடுத்தார். வாங்கி இந்தப் பட்டறையில் ஏற்றி, மூன்று வருஷமாகப் பலகை பலகையாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அடிப்பகுதி முடிந்தது, மேல்தளம் முடிந்தது. கேபினுக்குள்ளே நுழைகிற இரட்டைக் கதவு மட்டும் பாக்கி. இடது கதவில் கரும்பழுப்பு ஈட்டி மரத்துக்குள் வெளிர் மரத்தால் பதித்த ஒரு நாரை, ஒற்றைக் காலில், தலையைத் திருப்பியபடி. வலது கதவில் அதற்கு ஜோடி நாரை இருந்திருக்க வேண்டும். படகு சேற்றில் கிடந்தபோது அதை யாரோ கழற்றிக்கொண்டு போய் மீன் வெட்டுகிற பலகையாக வைத்துக்கொண்டார்களாம். அந்த ஜோடியைத் திரும்பச் செய்யத்தான் அரம் வந்தாள்.

நாலு மாதம் நின்றாள். சண்டை போட்டாள், ஆனால் போகவில்லை. அதுவே பட்டறையில் பெரிய பேச்சு. மேஸ்திரி எபாக்ஸி பசை போடச் சொன்னபோது மட்டும் கேட் வரைக்கும் போனாள். அவளுக்கு அடுப்பில் வைத்துக் காய்ச்சுகிற பழைய வஜ்ஜிரப் பசைதான் வேண்டும். "ஒட்டினத ஒரு நாள் எடுக்க வேண்டி வரும், தம்பி. எடுக்க முடியாம ஒட்டறவன் திமிர் பிடிச்சவன்" என்று கத்தினாள். மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு வஜ்ஜிரம் வாங்கிக் கொடுத்தார்.

சனிக்கிழமை பெரிய ஓதம், கடல் தண்ணீர் மேடு வரைக்கும் ஏறி வருகிற நாள். அன்றைக்குத்தான் படகு தண்ணீரில் இறங்க வேண்டும், தப்பினால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். தன் கை வேலை ஒன்று முழுசாய் முடிந்து, மனிதர்கள் முன்னால் மிதந்து போவதை அவள் பார்க்கப் போவது இதுதான் முதல் தடவை. இதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சனிக்கிழமைக்கென்று ஒரு புதுப் புடவை எடுத்து மடித்து வைத்திருந்தாள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம், மறைத்து என்ன ஆகப் போகிறது. புது நாரை வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை. பழைய நாரையோ தொண்ணூறு வருஷ வெளிச்சத்தில் பழுத்துத் தேன் நிறமாகியிருந்தது. புது மரத்தைத் தேயிலை டிக்காஷனில் முக்கி முக்கிப் பழசின் நிறத்துக்குக் கொண்டுவருவது அவள் வழக்கமாகச் செய்கிற வேலைதான். இந்தத் தடவை ஒரே முக்கில் நிறம் சேர்ந்துவிட்டது என்று ஒட்டிவிட்டாள். வெட்டு அற்புதம், இறகுக்கு இறகு சந்தில்லை. நிறம் மட்டும் ஒட்டவே இல்லை. வாட்ச்மேன் முதல் மேஸ்திரி வரை எல்லோர் கண்ணிலும் பட்டது. அவள் கண்ணில் படவில்லை.

காரணம் கண்தான். இரண்டு வருஷமாகவே எல்லாம் எண்ணெய்க் காகிதத்துக்குப் பின்னால் இருக்கிற மாதிரி தெரிந்தது. பல்ப் சரியில்லை என்று மூன்று தடவை பல்ப் மாற்ற வைத்தாள். கண்ணாடி சரியில்லை என்று கண்ணாடிக் கடைக்காரரைத் திட்டினாள். கண் டாக்டரிடம் மட்டும் போகவில்லை. அவள் அக்கா நூல் ஆலையில் நிறம் பிரிக்கிற வேலையில் இருந்தவள். கண் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது என்று மேற்பார்வையாளரிடம் வாய் தவறிச் சொன்னாள். மறுவாரம் அவள் கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டார்கள். பெருக்கிப் பெருக்கியே ஓய்வு பெற்றாள். அரம் அதை மறக்கவில்லை. வாயைத் திறந்து சொல்லாத வரைக்கும் கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று தனக்குத் தானே முடிவு செய்துகொண்டாள்.

கதவை மாட்டிய திங்கட்கிழமையிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரணம் புரியவில்லை. எல்லோரும் "நல்லா இருக்குக்கா" என்றார்கள். சொல்லிவிட்டு அவசர வேலை இருக்கிற மாதிரி நகர்ந்தார்கள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. வார்னிஷ் அடிக்கிறவரின் பிரஷ்ஷை வேண்டுமென்றே குறை சொன்னாள். "ஆமாக்கா, மாத்திடறேன்" என்றார் அவர். எப்போதும் ஒன்றுக்கு இரண்டாய்த் திருப்பிக் கொடுக்கிற ஆள்! செத்த வீட்டுக்காரர்களிடம் பேசுகிற மாதிரி அல்லவா எல்லோரும் பேசுகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. ஏணியில் ஏறினாள், கதவைப் பார்த்தாள், இறங்கினாள். மறுபடி ஏறினாள். தடவிப் பார்த்தாள். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் பதினேழு தடவை ஏறி இறங்கியிருப்பாள்.

அந்த நேரத்தில் மரக் கொட்டகைக்குப் பின்னால் மேஸ்திரியும் பல் டாக்டரும் ரகசியம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வியாழக்கிழமை மத்தியானம் வார்னிஷ் ஆரம்பிக்கணும், டாக்டர். அடிச்சிட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க ஓனர், நீங்கதான் சொல்லணும்."

"நானா? முதல் நாள் அந்தக் காலு கொஞ்சம் கோணலா இருக்கோன்னுதான் கேட்டேன். ஒரு மணி நேரம் ஏணியிலயே நிக்க வெச்சுப் பாடம் எடுத்தாங்க. இப்ப என் படகுல ஏறவே அவங்ககிட்ட பர்மிஷன் கேக்கறேன்."

"அப்ப சரி அண்ணனச் சொல்லச் சொல்லலாமா?"

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சிரித்துவிட்டார்கள்.

கடைசியில் டாக்டருக்கே ஒரு வழி தோன்றியது. பையைத் திறந்து ஒரு பட்டையை எடுத்தார். அதில் வரிசையாகப் பதினாறு பொய்ப்பற்கள். ஒன்றாம் எண் பளீர் வெள்ளை, பதினாறாம் எண் நல்ல பழுப்பு. பொய்ப்பல் வைக்கும்போது பக்கத்துப் பல்லோடு நிறம் சேர்கிறதா என்று பார்க்கிற கருவி. தான் வாயால் சொன்னால்தானே சண்டை, பல்லே சொல்லட்டும் என்று நினைத்தார் பாவம்.

ஏணியடியில் போய் நின்று, "அம்மா, மேல வரலாமா?" என்று கேட்டார்.

"உங்க படகுதானே, வாங்க. செருப்பக் கழட்டிட்டு வாங்க."

மேஸ்திரியும் பின்னாலேயே ஏறினார். மேல்தளத்தில் காலை நீட்டி உட்கார்ந்து பாய்க்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்த சரி அண்ணன், வருகிறவர்களின் முகத்தைப் பார்த்ததும் ஊசியைத் துணியில் குத்திவைத்தார். டாக்டர் பற்களைக் காட்டி மென்று விழுங்கி விளக்கினார். சும்மா ஒரு ஆசைக்கு, நாரைகளுக்கும் நிறம் பார்க்கலாமா என்று கேட்டார்.

அரம் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ஓ! இதுக்குத்தான் ரெண்டு நாளா எல்லாரும் மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டிருந்தீங்களா? கொடுங்க இங்க. என் வேலைய நானே அளந்து காட்டறேன்."

பட்டையைப் பிடுங்கினாள். பழைய நாரையின் கழுத்தில் ஒவ்வொரு பல்லாக வைத்துப் பார்த்தாள். கதவுக்கு மூக்கு முட்டுகிற தூரத்தில் நின்று பார்த்தாள். "ஏழு" என்றாள். புது நாரையின் கழுத்தில் வைத்தாள். இன்னும் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். "இதுவும் ஏழு. பாத்தீங்களா? ஏழும் ஏழும்! இப்ப சொல்லுங்க!"

அவள் ஜெயித்த குரல் கேபினுக்குள்ளே போய் அடங்கியது. டாக்டர் மெதுவாகக் கையை நீட்டி, ஒன்றாம் எண் பல்லை மட்டும் பிரித்துப் புது நாரையின் மேல் வைத்தார். அச்சு அசலாகப் பொருந்தியது. பக்கத்தில் ஏழாம் எண்ணையும் வைத்தார்.

"இதுவும் அதுவும் ஒரே மாதிரியா தெரியுதாம்மா உங்களுக்கு?"

அவள் இரண்டு பல்லையும் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பப் பார்த்தாள். பிறகு பல்லை விட்டுவிட்டு அவர்கள் முகங்களைப் பார்த்தாள். அதில் இருந்தது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணுதானே?"

முப்பது வருஷ வழக்கத்தில் அவர் வாய் 'ச' வரைக்கும் போய்விட்டது. பிறகு நின்றது. "ஒண்ணு இல்லம்மா" என்றார்.

"உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

"போன வருஷம் என் கறுப்புச் சட்டைக்கு நீல நூல் போட்டு பட்டன் தெச்சே பாரு. அப்பலேருந்து."

"ஒரு வருஷமா! ஒரு வருஷமா வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

"நான் ஒண்ணு சொல்லி நீ நின்னு கேட்டது எப்பம்மா?" அவர் கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே ஞாபகப்படுத்திப் பார்க்கிறவர் மாதிரி கேட்டார்.

அரம் மடமடவென்று ஏணியில் இறங்கினாள். மேஜைக்குப் போய் உளிகளையும் ரம்பத்தையும் துணியில் வைத்துச் சுருட்டினாள். சின்ன உளி கீழே விழுந்தது, எடுக்கவில்லை. சுருட்டியதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தாள். பின்னால் மேஸ்திரி "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நடக்க நடக்க அவளுக்கு அழுகை முட்டியது. அக்காவின் துடைப்பம் நினைவுக்கு வந்தது. இனி எந்தப் பட்டறை? பதின்மூன்றாவது பட்டறையில் போய் எந்தக் கண்ணைக் காட்டுவது? அவர்கள் சொல்லாமல் விட்டதை நினைத்துக் கோபம் வந்தது, யாரையும் சொல்லவிடாமல் அடித்தது தன் வாய்தான் என்று நினைத்ததும் அந்தக் கோபத்துக்குப் போக இடம் இல்லாமல் போனது.

கேட்டைத் தாண்டி ஒரு அடி வைத்தாள். அப்போது மூக்கில் ஏறியது ஒரு நாற்றம். வஜ்ஜிரம் தீய்கிற நாற்றம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், எலும்பையும் மயிரையும் சேர்த்துக் கொளுத்துகிற மாதிரி இருக்கும். காலையில் ஒரு ஓரப்பட்டையை ஒட்டுவதற்காக அடுப்பில் வைத்த கிண்ணம். தண்ணீர் வற்றியிருக்கும். இத்தனை பேர் இருக்கிற பட்டறையில் ஒருத்தருக்கும் அதை இறக்கத் தோன்றவில்லை.

"கண்ணுதான் எனக்கு இல்ல, மூக்குமா உங்களுக்கு இல்ல!" என்று கத்திக்கொண்டே திரும்பி ஓடிவந்தாள். முந்தானையால் கிண்ணத்தைப் பிடித்து இறக்கி, தண்ணீர் ஊற்றினாள். சீறிக்கொண்டு ஆவி எழும்பியது. அந்த ஆவிக்கு முன்னால் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். கண்ணாடி பனித்துப் போய் அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. பக்கத்தில் மேஸ்திரி வந்து நிற்கிறார் என்பது மூச்சு வாங்கியதில் தெரிந்தது.

"தம்பி, இந்தப் பட்டறையில துடைப்பம் எங்க இருக்கு?"

"துடைப்பமா? வாட்ச்மேன்கிட்ட இருக்கும். எதுக்குக்கா? எனக்கு வியாழக்கிழமை மத்தியானத்துக்குள்ள கதவு வேணும். துடைப்பத்த வெச்சு நாரை பண்ண முடியும்னா பண்ணுங்க."

அவள் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இஸ்திரிப் பெட்டியும் ஈரத் துணியும் கொண்டா" என்றாள்.

ஈரத் துணியைப் புது நாரையின் மேல் விரித்துச் சூடாகத் தேய்த்தாள். வஜ்ஜிரம் இளகியது. கத்தி முனையைக் கொடுத்ததும் நாலு மாத வேலை இறகு இறகாகக் கழன்று வந்தது. "உன் எபாக்ஸியப் போட்டிருந்தா இப்ப கதவோட எரிச்சிருக்கணும்" என்று மேஸ்திரியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் விடவில்லை. மேஸ்திரிக்கு அதைக் கேட்டதும்தான் உயிர் வந்தது.

சூட்டில் சுருண்ட துண்டுகள் உதவாது, ஆனால் பள்ளமும் அளவும் தயாராக இருந்தன; அன்று சாயந்திரமும் புதன்கிழமை முழுக்கவும் புதுத் தகட்டில் வெட்டினாள். வெட்டுவதற்குக் கண்ணை விட விரல்தான் முக்கியம், விரல் அவளை ஏமாற்றவில்லை. நிறத்துக்கு வீட்டுக்காரரைக் கூப்பிட்டு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாள். ஒரு துண்டை டிக்காஷனில் முக்கி, உலர்த்தி, பழைய நாரையின் பக்கத்தில் பிடித்தாள்.

"சேருதா?"

"சரி."

"இது நெஜமான சரியா, எனக்குப் பயந்த சரியா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "பயந்த சரிதான்."

"அப்ப இல்லன்னு சொல்லுங்க."

"இல்ல."

"சத்தமா சொல்லுங்க. பட்டறைக்கே கேக்கணும்."

"இல்ல!" என்றார். சொன்ன பிறகு அவரே கொஞ்சம் பயந்து அக்கம்பக்கம் பார்த்தார். அவள் மறுபடி முக்கினாள். இல்லை. மறுபடி முக்கினாள். இன்னும் இல்லை. ஐந்தாவது தடவை அவள் கை தானாக இடுப்புக்குப் போனது, உதடு துடித்தது, திட்டு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவர் ஸ்டூலில் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டு, ஆனால் கண்ணைத் தாழ்த்தாமல், "இல்லம்மா, இன்னும் வெளுப்பா இருக்கு" என்றார். அவள் திட்டை விழுங்கிவிட்டு முக்கினாள். ஒன்பதாவது முக்கில் டாக்டரின் பல்லை இரவல் வாங்கிச் சரி அண்ணனே வைத்துப் பார்த்து, "இப்ப சேருது" என்றார். அவள் திரும்ப ஒரு தடவை கேட்கவில்லை. வியாழக்கிழமை காலையில் ஒட்டினாள். மத்தியானம் வார்னிஷ் ஏறியது.

சனிக்கிழமை ஓதம் ஏறி, படகு தண்டவாளத்தில் வழுக்கி இறங்கித் தண்ணீரைத் தொட்டு, ஒரு ஆட்டம் ஆடி நிமிர்ந்தது. கரையில் நின்றவர்கள் கத்தினார்கள். பல் டாக்டர் அழுதேவிட்டார். அழுது முடித்ததும் அரத்தின் கையில் ஒரு சீட்டைத் திணித்தார். அவருடைய நண்பர் ஒரு கண் டாக்டராம், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறாராம். "கண்ணுல புரை விழுந்தா எடுத்துடலாம்மா, சின்ன ஆபரேஷன்தான்" என்றார். மேஸ்திரி பக்கத்திலிருந்து, "எடுத்துட்டு நேரா இங்க வாங்க, அடுத்த படகோட மேஜை முழுக்கப் பூ பதிக்க வேண்டியிருக்கு" என்றார்.

புதுப் புடவையில் அவள் படகில் நின்றாள். கதவு இரண்டும் மூடியிருந்தன, நாரைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. அவள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. திங்கட்கிழமையும் அப்படித்தான் தெரிந்தன. அதனால் அவளுக்குத் தன் கண் சொல்வதில் நம்பிக்கை வரவில்லை. முன்னால் போனாள், பின்னால் வந்தாள், கயிற்றைப் பிடித்தாள், விட்டாள். வீட்டுக்காரர் பாய்ச் சுருளின் மேல் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நெஜமா சொல்லுங்க. ஜோடி சேர்ந்திருக்கா?"

அவர் எழுந்து வந்து பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். "சேர்ந்திருக்கு. இறக்கை ஓரத்துல மட்டும் ஒரு முக்கு கம்மி."

அவளுக்குச் சுரீரென்று வந்தது. "இன்னைக்குப் போயா சொல்லுவீங்க இத!"

"நீதானே நெஜமா கேட்டே."

அவள் அவரை முறைத்தாள். அவர் இந்தத் தடவை நகரவே இல்லை. முறைப்பு எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் அப்படியே கரைந்தது. முப்பது வருஷமாக இந்த மனிதர் எத்தனை தடவை சரி என்றார்! அதில் எத்தனை பயந்த சரி?

"இது மாதிரி வேற என்னல்லாம் சொல்லாம வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது.

அவர் திரும்பிப் போய்ப் பாய்ச் சுருளில் உட்கார்ந்து, பக்கத்தில் இடத்தைத் தட்டிக் காட்டினார். "நெறைய இருக்கும்மா. உக்காரு."

அரம் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.